நம்பகமான ஆள்

பெரியம்மாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்திருந்த சமயம். 2016ஆம் ஆண்டு. நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். செமஸ்டர் விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் வந்திருந்தேன். கூடத்தில் பாய் விரித்து, பக்கத்தில் ஒரு நீல வாளியோடு பெரியம்மா படுத்திருப்பார். கஞ்சித் தண்ணீர் இரண்டு வாய் உள்ளே போனால் மூன்று வாய் வெளியே வரும். ஆஸ்பத்திரியில் வாந்திக்கு ஊசி போட்டுத்தான் அனுப்பினார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் நாள் தாங்கும். இரண்டாம் நாள் மாலையில் மறுபடியும் வாளியைத் தேடுவார்.

ஒரு ராத்திரி அண்ணன் என்னை வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்குக் கூப்பிட்டார். பெரியம்மாவின் மூத்த மகன், லோரி ஓட்டுகிறவர். கைலி மடிப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினார். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்துக் குப்பி அளவுதான். உள்ளே கரும்பச்சையாக ஏதோ எண்ணெய்.

"கஞ்சா எண்ணெய்டா. கூட்டாளி ஒருத்தன் கொடுத்தான். அவன் மாமியாருக்கு இதக் கொடுத்த பெறகு நல்லா பசியாறுறாங்களாம். நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு. நீ படிச்சவன், சொல்லு. கொடுக்கலாமா?"

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வேணாம்ணே. பிடிச்சா தூக்கு" என்றேன்.

அண்ணன் குப்பியை மறுபடியும் மடிப்பில் செருகிக்கொண்டார். என்மேல் கோபப்படவும் இல்லை, வாதாடவும் இல்லை. நான்கு மாதம் கழித்து பெரியம்மா இறந்துபோனார். அந்த இரண்டு வாக்கியங்களை நான் ஏன் அவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், நான் சொன்னது பொய் இல்லை. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி, 200 கிராம் கஞ்சாவோ அதற்கு மேலோ ஒருவரிடம் இருந்தால் அவர் அதைக் கடத்துகிறவர் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. அன்றைக்குக் கடத்தலுக்கு ஒரே தண்டனைதான், தூக்கு. ஆனால் அண்ணன் கையில் இருந்தது 200 கிராம் இல்லை. ஒரு கட்டைவிரல் உயரக் குப்பி. அதற்குச் சிறை கிடைத்திருக்கலாம், தூக்கு கிடைத்திருக்காது. இது எனக்கு அன்றைக்கே ஓரளவு தெரியும். தெரிந்தும் 'தூக்கு' என்ற சொல்லைத்தான் எடுத்தேன். அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இருக்காது.

எங்கள் வீட்டில் அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர். சம்பள நாளில் கள்ளுக்கடையைத் தாண்டி லயத்துக்கு வர அவரால் முடிந்ததில்லை. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. துரைமார் கொடுத்த கூலி அங்கேயே திரும்பிப் போனது. 1940களின் இறுதியில் கெடா தோட்டங்களில் தொண்டர் படைக்காரர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்ததை நாம் வீரக்கதையாகப் படிக்கிறோம். எங்கள் பாட்டிக்கு அது வீரக்கதை இல்லை. சோறு சம்பந்தப்பட்ட விஷயம். கள் போய்ச் சம்சு வந்தது. சம்சுவில் என் சித்தப்பா போனார். ஆகவே போதை என்ற சொல் எங்கள் வீட்டில் தத்துவக் கேள்வியாக இருந்ததே இல்லை. செத்த ஆட்களின் பெயர்ப் பட்டியலாகத்தான் இருந்தது. இந்தப் பயத்தை நான் இன்றும் கேலி செய்யமாட்டேன். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாடி காப்பிக்கடையில் உட்கார்ந்து 'நம்ம ஆளுங்க ரொம்ப கன்சர்வேட்டிவ்' என்று சொல்கிற நண்பர்கள், அந்தப் பட்டியலை ஒருமுறை தங்கள் வீட்டிலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

ஆனால் பயத்துக்குக் காரணம் இருப்பதும், பயந்து சொன்ன பதில் சரியாக இருப்பதும் வேறு வேறு.

பெரியம்மா இறந்த பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். குற்றவுணர்ச்சியில் படிக்கிறவன் ஒன்று தன்னை விடுவிக்கப் படிப்பான், அல்லது தன்னை அடித்துக்கொள்ளப் படிப்பான். நான் இரண்டுக்கும் படித்தேன். கஞ்சாவிலிருந்து வந்த மருந்துகளில் மிகப் பழைய அங்கீகாரம் கீமோ வாந்திக்குத்தான். கஞ்சாவில் மயக்கம் தருகிற டிஎச்சி என்ற பொருளைச் செயற்கையாகச் செய்த ட்ரொனாபினால், 1985இலேயே அமெரிக்காவில் அதற்கு அனுமதி பெற்றுவிட்டது. 'நான் தடுத்தது ஒரு மருந்தைத்தான்' என்று அன்றைக்கு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு 2015இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பைப் படித்தேன். 23 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். கஞ்சா வகை மருந்துகள் வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தன. அந்தக் காலத்து வாந்தி மருந்துகளுக்குச் சமமாகவும் இருந்தன. ஆனால் அந்தப் பரிசோதனைகள் எல்லாம் 1975க்கும் 1991க்கும் இடையில் வெளிவந்தவை. ஒண்டான்செட்ரான் போன்ற புதிய மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தியவை. பெரியம்மாவுக்கு ஏற்கெனவே அந்தப் புதிய வகை ஊசியைத்தான் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் இரண்டு சொட்டு எண்ணெய் என்ன செய்திருக்கும் என்று அந்த ஆய்வுகளிலிருந்து சொல்ல முடியாது. அதுவும் யார் காய்ச்சியது, எவ்வளவு டிஎச்சி, வேறு என்ன கலந்தது என்று ஒன்றும் தெரியாத எண்ணெய்.

ஆக, என்னை விடுவிக்கவும் அறிவியல் உதவவில்லை, தண்டிக்கவும் உதவவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கஞ்சாவின் மருத்துவப் பயன் என்று பேசும்போது இரண்டு கூட்டங்கள் ஒரேமாதிரி பொய் சொல்கின்றன. ஒரு கூட்டம் அது வெறும் போதை, மருந்தே இல்லை என்கிறது. இன்னொரு கூட்டம் அது புற்றுநோயைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும், சித்தர்கள் சிவமூலி என்று சொன்னார்கள் தெரியுமா என்று வாட்சப்பில் அனுப்புகிறது. கண்ணாடித் தட்டில் வைத்த புற்றணுக்கள் எத்தனையோ பொருள்களால் சாகும். மனித உடம்பில் கஞ்சா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் இல்லை. சித்த மருத்துவத்தில் கஞ்சா இருப்பது உண்மை. அதைச் சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, லேகியமாக்கி, அளவு சொல்லிக் கொடுத்தார்கள். சிவமூலி என்று பெயர் சொல்லி இலையைச் சுருட்டுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் நிரூபணமானது குறுகிய பரப்பு. கீமோ வாந்தி. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயில் வரும் தசை இறுக்கம். நாள்பட்ட வலிக்குச் சிலரிடம் ஓரளவு. எல்லாவற்றையும்விட உறுதியாக, குழந்தைகளுக்கு வரும் சிலவகைக் கடுமையான வலிப்புக்கு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் என் கேள்வி இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

ட்ராவே என்று ஒரு வலிப்பு நோய். பிறந்த சில மாதங்களில் ஆரம்பிக்கும். வழக்கமான வலிப்பு மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்காது. அமெரிக்காவின் கொலராடோவில் சார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு அந்த நோய். வாரத்துக்குச் சுமார் 300 தடவை வலிப்பு வந்தது. மருத்துவர்களின் கையிருப்பு தீர்ந்துபோன கட்டத்தில், சிபிடி அதிகமும் டிஎச்சி மிகக் குறைவுமாக இருந்த ஒரு கஞ்சா எண்ணெயை அவள் அம்மா கொடுத்தார். சிபிடி மயக்கம் தருகிற பொருள் அல்ல. வலிப்பு மாதத்துக்கு இரண்டு மூன்று என்று குறைந்தது. 2013இல் சிஎன்என் அதைப் படமாக்கியதும் நாடே பார்த்தது. குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டு கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தன. (சார்லட் 2020 ஏப்ரலில், 13 வயதில் இறந்துபோனாள். அந்த எண்ணெய் அவளுக்குக் கொடுத்தது சில ஆண்டுகள். ட்ராவே குழந்தையின் அம்மாவிடம் போய் 'சில ஆண்டுகள்தானே' என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.)

ஒரு அம்மா சொல்வது ஆதாரம் ஆகுமா? மருத்துவம் ஆகாது என்கிறது. அது திமிரால் சொல்வது இல்லை. 2017இல் ட்ராவே நோயுள்ள 120 பேரிடம் முறையான பரிசோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் சுத்திகரித்த சிபிடி, பாதிப் பேருக்கு வெறும் சுவையூட்டிய திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களிடம் மாத வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9 ஆனது. வெறும் திரவம் பெற்றவர்களிடம் 14.9இலிருந்து 14.1, அதாவது அசையவில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. வலிப்பு பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் மருந்துப் பக்கம் 43 சதவீதம், வெறும் திரவத்தின் பக்கம் 27 சதவீதம். வெறும் திரவம் குடித்த பிள்ளைகளின் பெற்றோரில் நாலில் ஒருவருக்கு மேல், 'என் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது' என்று கையை நெஞ்சில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நோய் தானாக ஏறி இறங்கும். நம்பிக்கை கண்ணை மாற்றும். அண்ணனின் கூட்டாளி தன் மாமியாரைப் பற்றிச் சொன்னதும் இப்படி இருந்திருக்கலாம்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். தனிமனிதச் சாட்சியத்தை நம்பாதே, பரிசோதனைக்குக் காத்திரு, சட்டத்தை மீறாதே. ஆனால் அந்தப் பரிசோதனை எங்கிருந்து வந்தது? கஞ்சா அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் மருத்துவப் பயனே இல்லாத பொருள் என்று முதல் பட்டியலில் இருந்தது. பயன் இல்லை என்று பட்டியலிட்டதால் ஆராய்ச்சி செய்வது கடினம். ஆராய்ச்சி இல்லாததால் பயன் இல்லை என்ற பட்டியல் அப்படியே நிற்கும். 1980இலேயே பிரேசிலில் ஒரு சிறிய குழுவிடம் சிபிடி வலிப்பைக் குறைக்கிறது என்று தெரிய வந்தது. மருந்தாக அனுமதி கிடைத்தது 2018இல். நடுவில் 38 ஆண்டுகள். சட்டத்துக்கு வெளியிலோ அதன் விளிம்பிலோ நின்று பிள்ளையின் நாக்கில் சொட்டு விட்ட பெற்றோர்கள் சத்தம் போடாமல் இருந்திருந்தால் அந்த இடைவெளி இன்னும் நீண்டிருக்கும். ஆதாரம் கொண்டு வா, பிறகு அனுமதிக்கிறேன் என்கிறது சட்டம். அந்த ஆதாரம் பிறப்பதற்கு யாரோ ஒருவர் அனுமதியில்லாமல் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பழைய கதை கல்கத்தாவில் இருக்கிறது. வில்லியம் ஓஷானசி என்ற ஐரிஷ் மருத்துவர் அங்கே மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். உள்ளூர் ஆட்கள் கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்துவதைப் பார்த்து, விசாரித்து, முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து 1839இல் எழுதினார். அதில் பிறந்து நாற்பதே நாளான ஒரு பெண் குழந்தை வருகிறது, தீராத வலிப்போடு. கஞ்சாச் சாறு கலந்த சொட்டு மருந்தில் வலிப்பு நின்றது என்று பதிவு செய்கிறார். சார்லட்டுக்கு 170 ஆண்டுகளுக்கு முன்னால். அதே கட்டுரையில் அளவு மீறினால் வரும் சித்தப்பிரமையையும் எழுதியிருக்கிறார். நான் படித்தவற்றில், இரண்டு பக்கத்தையும் ஒருசேர எழுதியவர்களில் அவர் முதல் வரிசை.

இனி என்னை மிகவும் தொந்தரவு செய்த கதை. ரஃபேல் மெக்கூலம் என்ற இஸ்ரேலிய வேதியியலாளர், கஞ்சாவில் மயக்கம் தரும் டிஎச்சியை 1964இல் பிரித்தெடுத்து அடையாளம் கண்டவர். நம் மூளையே கஞ்சா மாதிரியான ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1992இல் கண்டுபிடித்த குழுவும் அவருடையது. அதற்கு ஆனந்தம் என்ற சொல்லை வைத்து ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். ஆராய்ச்சியை ஆரம்பித்த காலத்தில் அவருக்குக் கஞ்சா கிடைக்கவில்லை. அவர் வேலை செய்த நிறுவனத்தின் நிர்வாகி, போலிசில் இருந்த தன் பழைய நண்பருக்கு போன் போட்டார். அந்த ஆள் நம்பகமானவரா என்று மட்டும் போலிஸ் தரப்பில் கேட்டார்கள். நம்பகமானவர் என்று பதில். மெக்கூலம் டெல் அவிவ் போய், கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட 5 கிலோ ஹஷீஷை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பினார். சுகாதார அமைச்சின் அனுமதி இல்லாமல் அதைக் கொடுத்த போலிசும் வாங்கிய அவரும் சட்டத்தை மீறியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டார், முடிந்தது. பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். பஸ்ஸில் ஒரே வாசமாம்.

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு 5 கிலோவை 200 கிராமால் வகுத்துப் பார்த்தேன். இருபத்தைந்து.

2018 ஆகஸ்ட் 30, ஷா ஆலம் உயர்நீதிமன்றம். முகமட் லுக்மான் என்ற 29 வயது இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மூன்று லிட்டரைச் சற்றுத் தாண்டிய கஞ்சா எண்ணெய், 279 கிராம் கஞ்சா. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்தேன் என்பது அவர் தரப்பு. நாடு கொதித்தது. பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அப்போது பிரதமராக இருந்த மகாதீரே தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். மேல்முறையீட்டில் தூக்கு விலகி, குறைந்த குற்றச்சாட்டில் சிறைத்தண்டனையாக மாறியது. நானும் கையெழுத்திட்டவன்தான். கையெழுத்திட்டபோது என் கண்முன் நின்றது அண்ணனின் கைலி மடிப்பு.

2023 ஏப்ரல் 26, சாங்கி சிறை. தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். வயது 46. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கஞ்சாவைக் கடத்துவதற்கு உடந்தை என்பது குற்றச்சாட்டு. அவர் கையில் கஞ்சா பிடிபடவில்லை. மற்றவர்களின் சாட்சியமும் அவருடையது என்று நீதிமன்றம் ஏற்ற தொலைபேசி எண்களும்தான் அவரைச் சம்பவத்தோடு இணைத்தன. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. அவருக்காகவும் குரல்கள் எழுந்தன. உலக அளவில் எழுந்தன. ஆனால் என் குடும்ப வாட்சப் குழுவில், லுக்மானுக்கு 'ஐயோ பாவம், மருந்துதானே கொடுத்தான்' என்று எழுதிய அதே அத்தை, தங்கராஜுவின் செய்திக்கு ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அவர் பக்கத்தில் நோயாளி யாரும் இல்லை. வாளியோடு படுத்திருக்கும் பெரியம்மா இல்லை. வெறும் கஞ்சா.

கஞ்சா மருந்தா என்ற விவாதத்தில் நாம் அறியாமல் செய்கிற அநியாயம் இது என்று நினைக்கிறேன். செடியை நிரபராதியாக்கி அதன் வழியாக ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறோம். அது மருந்து, ஆகவே அவனைத் தூக்கில் போடாதே. அப்படியானால் மருந்து இல்லை என்று நாளைக்கு ஓர் ஆய்வு சொன்னால்? லுக்மானின் எண்ணெய் ஒருவருக்கும் உதவவில்லை என்று தெரிந்தால் தூக்கு சரியாகிவிடுமா? ஒருவனின் கழுத்து, வாந்திக்கு ஒண்டான்செட்ரான் நல்லதா டிஎச்சி நல்லதா என்ற கேள்வியில் தொங்க முடியாது. மருத்துவப் பயன் என்பது மருத்துவரும் நோயாளியும் சுகாதார அமைச்சும் கேட்க வேண்டிய கேள்வி. தூக்கு வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரண்டும் கெடுகின்றன. உயிரைக் காப்பாற்ற வேண்டிய அவசரத்தில் கஞ்சாவுக்கு இல்லாத குணங்களையெல்லாம் ஏற்றிச் சொல்கிறோம். தண்டனையைத் தளர்த்திவிடுவார்களோ என்ற பயத்தில் அந்தப் பக்கம் இருக்கிற குணத்தையும் மறுக்கிறது.

எதிர்த் தரப்பையும் நான் கேட்கத்தான் செய்கிறேன். சிங்கப்பூர் அரசின் வாதத்தில் ஒரு தர்க்கம் உண்டு. பரிசோதிக்கப்பட்ட, அளவு தெரிந்த, சுத்திகரித்த சிபிடி மருந்தை, வேறு மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்கு நிபுணர் வழியாக அங்கே அனுமதித்திருக்கிறார்கள். செடி வேறு, செடியிலிருந்து எடுத்த மருந்து வேறு என்கிறார்கள். மலேசியாவிலும் 2021இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி, முறையாகப் பதிவு செய்தால் கஞ்சா சார்ந்த மருந்துகளுக்குத் தற்போதைய சட்டத்திலேயே இடமுண்டு என்று நாடாளுமன்றத்தில் பதில் கொடுத்தார். இந்த வேறுபாட்டைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிப் பரிசோதித்து 2017இல் வெளியிட்டார்கள். 26இல் மட்டும்தான் லேபிளில் போட்ட அளவு உள்ளே இருந்தது. 18இல் டிஎச்சி இருந்தது. பிள்ளைக்குக் கொடுக்கிற எண்ணெயில் இப்படி. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தபோது மருத்துவத்துக்காக என்றுதான் சொன்னார்கள். ஹாட்யாய் போய் வந்த என் கூட்டாளிகள் யாரும் மருத்துவரைப் பார்க்கப் போகவில்லை. 2025இல் அவர்களே மருத்துவச் சீட்டு கட்டாயம் என்று திரும்பி வந்தார்கள். பதின்வயதில் வீரியமான கஞ்சாவைத் தொடர்ந்து புகைப்பதற்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பதும் தட்டிக்கழிக்கக்கூடியது இல்லை. ஆகவே சீட்டும் லேபிளும் மருந்துக்கடை அலமாரிப் பூட்டும் இருக்கட்டும். பூட்டு வேறு, தூக்குமேடை வேறு. மலேசியா 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. இப்போது நீதிபதி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தேர்வில் தூக்கு இன்னும் இருக்கிறது.

மெக்கூலத்திடம் திரும்பிப் போகிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே நம்பகமானவர். அந்த 5 கிலோவால் எத்தனையோ குழந்தைகளுக்குப் பின்னால் பயன் கிடைத்தது. என் கேள்வி, நம்பகம் எப்படி முடிவாகிறது என்பதுதான். நிறுவனத்தின் பெயர், ஒரு போன் அழைப்பு, பழைய ராணுவ நட்பு. லோரி ஓட்டுகிற அண்ணனுக்காகப் போன் போட யார் இருக்கிறார்கள்? அவருக்கு இருந்த ஒரே 'நிறுவனம்' நான். பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி. அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அனுமதி கேட்கிறவர் குப்பியோடு வரமாட்டார். கூட நின்று யோசிக்க ஓர் ஆளைத் தேடி வந்திருக்கிறார். நான் போலிஸ் மாதிரி பதில் சொன்னேன்.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெரும்பாலும் அளவோடு சாப்பிடுவதைப் பற்றித்தான் பேசும். கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நான்காவது ஆளை நர்ஸ் என்று நினைத்திருந்தேன். 2016இல் அந்த நான்காவது ஆட்களாக வீட்டில் இருந்தவர்கள் நானும் அண்ணனும். அண்ணன் வாளியைக் கழுவினார். நான் 'வேணாம்ணே' என்றேன்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கொடு என்று சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாத எண்ணெய், பலவீனமான உடம்பு, ஏற்கெனவே ஏகப்பட்ட மருந்து. ஒருவேளை 'வேணாம்' என்ற பதிலே சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இருந்தன. எண்ணெயில் என்ன இருக்கிறது? மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டாம் நாள் வாந்திக்கு வேறு மாத்திரை உண்டா, அளவைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேட்கலாமா? எல்லாவற்றுக்கும் மேலே, பெரியம்மாவுக்கு என்ன வேண்டும்? அவர் கூடத்தில் பத்தடி தூரத்தில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. 'தூக்கு' என்ற ஒரு சொல் இத்தனை கேள்விகளையும் மூடிவிட்டது. எனக்கும் வசதியாக இருந்தது.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் கட்டுரையை எழுதப் போவதாகச் சொல்லி, குப்பியைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். எழுது, பேரப் போடாத என்றார். கொஞ்ச நேரம் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு தடவ கொடுத்தேன்டா" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"நீ கேம்பசுக்குப் போன பெறகு. அம்மாகிட்ட என்னன்னு சொல்லித்தான் கொடுத்தேன். சரி கொடுன்னாங்க."

"அப்புறம்?"

"ஒன்னும் இல்ல. மொத தடவ நல்லா தூங்குனாங்க. ரெண்டாவது தடவ வழக்கம்போல வாந்தி. பெறகு நானே வேணாம்னு சாக்கடையில ஊத்திட்டேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க. தம்பி பயப்படுவான், படிக்கிற புள்ளன்னு."

உள்ளே அண்ணி பசியாறக் கூப்பிட்டார். அண்ணன் எழுந்து கை கழுவப் போனார்.